பொன்னுமணிக்கு மலை ஆகாது

காப்பி நன்றாக இருந்தது. பொன்னுமணிக்கு அதுதான் கோபம்.

போடிமெட்டுச் சாலையில் பாதி மலையில் இருந்தது அந்தக் கொட்டகை. தோட்டத்துக்காரர் தன் செடியில் விளைந்த காப்பியைத் தானே வறுத்து, இடித்து, கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து கீழே பார்த்தால் போடி மொத்தமும் தெரிந்தது. தான் வாழ்க்கைப்பட்டு வந்த தெரு எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்தாள் பொன்னுமணி. ரெண்டு மடக்குக் குடித்தாள். தம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"என்னம்மா, கசக்குதா?" என்றாள் மகள் தமிழ்செல்வி.

"நல்லாத்தான் இருக்கு. இந்தக் கடை எத்தனை வருசமா இங்க இருக்காம்?"

"எங்கப்பா காலத்துலருந்து இருக்குத்தா," என்றார் தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே. அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் பொன்னுமணி அவரை முறைத்தாள்.

பின்னே என்ன? அவள் புருசன் ஒச்சப்பன் ஜீப்பு டிரைவர். விடிவதற்குள் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போவார், பொழுது சாய இறக்கிவிடுவார். ஆயுசு முழுக்க அதுதான் அவர் பிழைப்பு. கல்யாணமான புதிதில், "ஒருநா என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். "அங்க என்ன இருக்கு? அட்டையும் குளிரும்தான். உனக்கு அங்க என்ன சோலி?" என்றார். தமிழ்செல்வி பிறந்த பிறகும் கேட்டாள். அதே பதில். டிரைவர் பெண்டாட்டி வீட்டோடு இருந்தால்தான் கௌரவம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஊர்ப் பெண்களையெல்லாம் மூட்டை அடுக்குவதுபோல் அடுக்கி ஏற்றிப்போன ஜீப்பில் தாலி கட்டியவளுக்கு மட்டும் இடமில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அங்கே ஒன்றும் இல்லைதான் போலிருக்கிறது என்று அவளும் நம்பிவிட்டாள். அப்படி நம்பித்தான் அத்தனை வருசத்தையும் அடுப்படியில் கழித்தாள்.

போன வருசம் அவர் போய்ச் சேர்ந்தார். தேனியில் டீச்சராக இருக்கும் தமிழ்செல்வி பழைய கார் ஒன்றை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனாள். முதல் வாரம் காரில் ஏறியபோது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. "எதுக்குடி?" என்றதற்கு, "இருக்கட்டும்மா" என்றாள் மகள். புதிதாக வாங்கிய வண்டி, திருஷ்டிக்கு வைத்திருக்கிறாள் என்று பொன்னுமணி விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் மலையடிவாரத்து முந்தலில் மாந்தோப்பு. மரத்தடியிலேயே அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார்கள். இன்னொரு வாரம் தேவாரம் பக்கம் ஒரு சோளக்காட்டில் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். ராத்திரி யானை வந்து மிதித்துப்போன சோளத்தைக் காட்டி அழாத குறையாகப் புலம்பிய சம்சாரி, அதற்கு நடுவிலும் இவளுக்கு ரெண்டாவது உருண்டை வைத்தார். எல்லா இடத்திலும் பொன்னுமணி வயிறாரச் சாப்பிட்டாள். காரில் ஏறியதும் எரிந்து விழுந்தாள்.

"திங்கும்போது சிரிக்கிற, ஏறி உக்காந்ததும் கடிக்கிற. இனிமே உன்னைக் கூட்டிட்டு வரலம்மா," என்றாள் தமிழ்செல்வி ஒருநாள்.

"கூட்டிட்டு வராத. உங்கப்பன் மகதான நீ!"

அடுத்த ஞாயிறு மகள் பல் விளக்கும் முன்பே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்றைக்கு வளைவுகள் எல்லாம் ஏறி, மெட்டு தாண்டிப் போனார்கள். பொற்கொடி என்று ஒருத்தி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மிளகும் காய்கறியும் போட்டிருந்தாள். வருகிறவர்களுக்குக் கப்பக்கிழங்கு அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சட்னியோடு கொடுத்தாள். அவளும் போடிக்காரிதான். பேச்சுவாக்கில் தமிழ்செல்வி அப்பா பேரைச் சொன்னதுதான் தாமதம், பொற்கொடி ஓடிவந்து பொன்னுமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒச்சப்பண்ணே சம்சாரமா! நான் அண்ணே ஜீப்புலதான மதினி வேலைக்கு வந்தேன். இப்பத் தேவலையா உங்களுக்கு? மலையே ஆகாதாமே! ஒரு வளைவு திரும்புனாலே வாந்தி எடுத்துருவீகளாமே! 'அவுகளை ஒருநா கூட்டிட்டு வாங்கண்ணே'ன்னு எத்தனை தடவை கேட்டிருப்போம். 'நான் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அவ வரமாட்டேங்கிறா'ம்பாரு. பாவம்னு உச்சுக் கொட்டுவோம்."

பொன்னுமணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தமிழ்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கிட்டயும் அதத்தான் சொன்னாரா?"

"சின்னப்புள்ளையில கேட்டேம்மா. அப்படித்தான் சொன்னாரு. அதான் எலுமிச்சம்பழம் வச்சேன், தல சுத்துனா மோந்து பாக்க."

பொன்னுமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூட்டிப் போகாததைக்கூட மன்னித்திருப்பாள். கேட்டவள் அவள், கெஞ்சியவள் அவள். அவளையே வரமாட்டேன் என்றவளாக ஆக்கி, ஒரு ஜீப்பு நிறைய ஆட்களிடமும் பெற்ற மகளிடமும் சொல்லிவைத்திருக்கிறார் அந்த மனுசன். இல்லாத சீக்குக்கு ஊர் பரிதாபப்பட்டிருக்கிறது. போன வருசங்கள் போகட்டும், தான் ஆசைப்பட்டாள் என்பதாவது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

"பொற்கொடி, நான் வர்றேன்னுதான்த்தா கேட்டேன்," என்றாள். "வாய்விட்டுக் கேட்டேன். அவருதான் வேணாம்னாரு. ஜீப்புல வந்தவுக யாரைப் பாத்தாலும் சொல்லு."

பொன்னுமணி தட்டை நீட்டி இன்னும் ரெண்டு துண்டு கிழங்கு வாங்கித் தின்றாள். இறங்கும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முகத்தில் காற்று அடிக்க வந்தாள்.

அந்த வியாழக்கிழமை ஒச்சப்பனுக்கு வருசத் திதி. அம்மா அடுப்புப் பக்கமே போகமாட்டாள் என்று தமிழ்செல்வி பயந்துகொண்டிருந்தாள். ஆனால் பொன்னுமணி விடியவே எழுந்து அவருக்குப் பிடித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சமைத்தாள். சொந்தக்காரர்கள் கூடியதும் படத்துக்கு முன்னால் இலை போட்டாள், பரிமாறினாள். சூடம் காட்டுகிற நேரத்தில், "இருங்க, வர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் அந்த எலுமிச்சம்பழம். வெயிலில் கிடந்து தோல் சுருங்கிப்போயிருந்தது. அதை இலையின் ஓரத்தில், கறிக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தை நேராகப் பார்த்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"இந்தாங்க. மலைக்குப் போகும்போதும் எனக்கு இது தேவைப்படல, வரும்போதும் தேவைப்படல."