லால்குடிக்கு இரண்டு வழி

அற்புதசாமி பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன். நான் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் செய்வேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைச் சந்தில், இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி. வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து இன்டர்நெட் கொடுப்பது தொழில். நான் பெருக்கித் துடைத்து டீ போடுகிறவள். அற்புதசாமி கேபிள் டி.வி. காலத்தில் கம்பம் ஏறினவன். உறையூரில் ஒரு கம்பத்திலிருந்து விழுந்து இடது முட்டி நொறுங்கியது. முதலாளி இளவரசனின் அப்பா நல்ல மனுஷர். மெஷின் ரூமில் ஒரு நாற்காலி போட்டு, "வெளக்கு எரியுதான்னு பாரு, அணைஞ்சா கூப்புடு" என்று உட்காரவைத்தார்.

அவன் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தை வரிக்கு வரி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று டீ. போட்டுப் போட்டு என் கைதான் ஓய்ந்தது. ஆறு வருஷத்தில் அந்த ரூமில் விளக்கு மினுக்கும் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் பாஷை அவனுக்கு வந்துவிட்டது. அவன் நடுவிரலில் இன்னும் ஒயர் வெட்டிய தழும்பு இருக்கிறது; அந்த விரலால்தான் ஊரையே திருப்பிவிடுகிறான்.

போன வருஷம் இளவரசன் லால்குடியில் ஒரு சின்னக் கம்பெனியை வாங்கினான். அங்கே இருந்த பெட்டிகள் பேசும் பாஷை வேறு, நம்முடையது வேறு. அற்புதசாமி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெட்டி வைத்து, இரண்டு பாஷையும் பேச வைத்தான். லால்குடியில் எந்தத் தெருவுக்கு எப்படிப் போவது என்று அது திருச்சிக்குச் சொல்லும். திருச்சி வழிகளை லால்குடிக்குச் சொல்லும். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் கொள்ளிடத்துப் பக்கம் யாரோ குழி தோண்டி ஒயரை அறுத்துவிட்டார்கள். அன்று முழுக்க லால்குடி செத்துக் கிடந்தது. இனி அப்படி ஆகக் கூடாது என்று காட்டூரிலிருந்து இரண்டாவது வழி போட்டு, அங்கேயும் ஒரு பெட்டி வைத்தார்கள்.

இரண்டாவது வழி வந்த அன்றே சனியன் பிடித்தது. லால்குடிக்காரன் அடுத்த தெருவுக்கு அனுப்பினால்கூடப் போய்ச் சேரவில்லை. நான்காம் நாள் காலையில் இளவரசன் மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"அற்புதசாமி," என்றான். வழக்கமாக அண்ணே என்பான்.

"சொல்லுங்க சார்."

"மூணு மணிக்கு சென்னைலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. இந்த ரூம அவங்ககிட்டயே ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். நீங்க பழையபடி வெளி வேலைக்குப் போயிடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கால வச்சுக்கிட்டு எப்புடி ஏறுவான்? கீழேர்ந்து நீங்க தள்ளிவிடப் போறீங்களா தம்பி?"

"ராக்கம்மா, நீங்க டீயப் பாருங்க."

அற்புதசாமி ஒன்றுதான் கேட்டான். "மூணு மணி வரைக்கும் ரூம் என்னுதுதானே சார்?"

"உங்களுதுதான்."

இளவரசன் போனதும், அற்புதசாமி ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் இரண்டு கோடு இழுத்தான்.

"என்னய்யா கோளாறு?"

"லால்குடி சேதிய ஸ்ரீரங்கம் பெட்டி நம்ம ஊருக்குள்ள சொல்லுதுக்கா. அதக் காட்டூர் பெட்டி கேட்டுட்டு, லால்குடிகிட்டயே போயி, 'ஒன் தெருவுக்கு எங்கிட்ட நல்ல வழி இருக்கு, வா'ங்குது. அதுவும் நம்பி, அடுத்த தெருவுக்குப் போறதக் காட்டூருக்கு அனுப்புது. காட்டூர் ஸ்ரீரங்கத்துக்கு, ஸ்ரீரங்கம் லால்குடிக்கு. சுத்திக்கிட்டே கெடக்கு."

"தன் வீட்டுக்கு ஊரான்கிட்ட வழி கேட்டுப் போவுதாக்கும். இதுக்கு என்ன வைத்தியம்?"

"ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் கைமாத்தும்போதே ஒவ்வொரு வழி மேலயும் ஒரு நம்பர் ஒட்டிடணும். டேக்குன்னு பேரு. லால்குடிலேர்ந்து வந்ததுன்னா எழுபத்தேழு, நம்ம ஊர்லேர்ந்து போனதுன்னா எண்பத்தெட்டு. எழுபத்தேழு ஒட்டினது எதுவும் மறுபடி லால்குடிக்குள்ள நொழையக் கூடாது. எண்பத்தெட்டு இங்க திரும்பக் கூடாது. ரெண்டு பெட்டிக்கும் சொல்லி வச்சுட்டா தீந்துச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்றில் நான் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள். வாங்கினவள் தைப்பதில்லை, அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவாள். ஒரு வருஷம் அந்த வீட்டு மாமி கொடுத்த பச்சைத் துணி ஐந்து வீடு சுற்றி, புதுசு போல அவளிடமே வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து வந்த துணியின் ஓரத்தில் பென்சிலால் கொடுத்தவள் பேரை எழுதி வைப்பாள், அந்த வீட்டுக்கே திரும்பப் போகாமலிருக்க. புருஷன் செத்தவளுக்கு யார் ரவிக்கைத் துணி கொடுப்பார்கள்? எனக்கு வேடிக்கை பார்க்கத்தான் கொடுத்துவைத்திருந்தது.

இதைச் சொன்னதும் அற்புதசாமி வாய்விட்டுச் சிரித்தான். "மாமிக்கு அம்பது துணி இருந்திருக்கும். இங்க ஆயிரத்து நானூறு வழிக்கா."

அத்தனை வழிக்கும் ஒரே ஆள் இங்கே உட்கார்ந்து பேர் எழுதுகிறானே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

ஒரு மணிக்கு எழுதி முடித்தான். சுற்றல் நின்றது. கூடவே லால்குடிக்கு வெளியிலிருந்து வருவதும் நின்றது. லால்குடி ஆபீசிலிருந்து ராசாத்தி போன் செய்தாள். "அண்ணே, ஊருக்குள்ள நல்லாப் போவுது. ஆனா வெளிய எதுவுமே வரல."

இளவரசன் ஓடிவந்தான். "பாதி உசுரோட இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களா?"

அற்புதசாமி திரையில் விரலை வைத்து, அந்த இங்கிலீஷ் புத்தகம் படித்த மாதிரியே, எழுதினதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது. நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எழுபத்தேழ விடாதேன்னு எழுதினேன். மத்ததெல்லாம் விடுன்னு எழுதல."

"அதக்கூடவா சொல்லணும்?" என்றேன்.

"சொல்லணும்க்கா. சொல்லாததெல்லாம் கூடாதுன்னுதான் அதுக்கு அர்த்தம்."

இரண்டு பெட்டி, போக ஒன்று வர ஒன்று. நான்கு இடத்திலும் கடைசியில் ஒரு வரி சேர்த்தான். இரண்டரை மணிக்கு ராசாத்தி வீடியோவில் வந்தாள், மூஞ்சி தெளிவாக. இளவரசன் பெருமூச்சு விட்டான். சென்னை ஆட்கள் சமயபுரம் தாண்டிவிட்டதாக அவனுக்குப் போன் வந்தது.

"சரியாயிடுச்சு, ஆனா நாளைக்கு மறுபடி..." என்று அவன் இழுத்தான்.

அற்புதசாமி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், ஸ்ரீரங்கம் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"யோவ், என்னய்யா பண்ற! சொருகுய்யா!" என்று இளவரசன் கத்தினான்.

"இருங்க சார்."

ராசாத்தியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நான்கைந்து நொடி. பிறகு அவள் கை அசைந்தது. லால்குடி மொத்தமும் காட்டூர் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆயிரத்து நானூறு வழியும் எங்கே போக வேண்டும், எங்கே திரும்பக் கூடாது என்று தெரிந்து, சத்தமே இல்லாமல், அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பெட்டியையா, அவனையா என்று தெரியவில்லை.

"என்னண்ணே எல்லாரும் இப்புடி முழிக்கிறீங்க?" என்றாள் ராசாத்தி. "ஒயர அறுத்துப் பாக்குறேன்னீங்களே, எப்ப? சொன்னீங்கன்னா நான் ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்ல?"

இளவரசன் அற்புதசாமியின் கையில் தொங்கிய ஒயரையே பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"எங்க வந்துட்டீங்க? பாலத்துக்கிட்டயா? வந்தது வந்தீங்க, ரெங்கநாதரைச் சேவிச்சுட்டு அப்படியே ஊருக்குக் கெளம்புங்க. இங்க அண்ணன் இருக்காரு."