கண்ணியில் விழுந்த சேவல்

என் மகள் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவர் வேட்டைக்கு வில், ஈட்டி, கண்ணி மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். “எதும்மா நல்லது?” என்றாள். சின்னப் பிள்ளை இதையெல்லாம் விளையாடலாமா என்று யோசிக்கும்போதே நான் நினைவில், மலேசியாவில் நான் வளர்ந்த கிள்ளானுக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். எந்நேரமும் அழுகிய பழக்குலையின் வாடை. பள்ளி விடுமுறையில் நானும் அண்ணனும் ஒரு நாள் முழுக்க வேட்டையாடியே சாப்பிடுவது என்று முடிவெடுத்தோம். அண்ணன் சைக்கிள் டியூப்பை வெட்டி உண்டிவில் செய்தான். நான் தூண்டில் நரம்பில் சுருக்குக் கண்ணி வைத்தேன். கண்ணி வைத்தவள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, எதுவும் அடிபடுவதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

மத்தியானம் வரை அண்ணனின் கற்கள் மட்டைகளில்தான் பட்டன. என் கண்ணியில் பக்கத்து வீட்டு ஆன்டியின் சேவல் கால் மாட்டிக் கிடந்தது.

“மாட்டிருச்சுல்ல, கழுத்த அறுத்துரு லா,” என்றான் அண்ணன்.

“நீ அறு.”

“உன் கண்ணிதானே. நான் ஏன்?”

இரண்டு பேருக்கும் நல்ல பசி. சேவலை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் சூடும் நெஞ்சுத் துடிப்பும் என் வயிற்றில் தெரிந்தன. கத்தியால் காலில் இறுகியிருந்த கண்ணி நரம்பை அறுத்தேன். சேவல் நொண்டியபடி ஓடியது.

“சாப்பாடு ஓடுது பாரு,” என்றான் அண்ணன். ஆனால் துரத்தவில்லை.

மகளிடம் இதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாட்டில் கண்ணியைத் தொட்டாள்.

“அப்போ நான் கண்ணி பக்கத்துலயே வீடு கட்டிக்கிறேன்மா. எதாச்சும் மாட்டினா உடனே அவுத்து விட்டுறலாம்.”