அண்ணன் எடுக்காத போன்

இந்த முதலாண்டு நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் என் அண்ணனை அவர் காதுபடவே ஏசியவர்கள். படத்துக்குப் பூப் போட்டாயிற்று, பந்தியும் தயார். இதைப் படித்துவிட்டுக் கை நனையுங்கள் என்று அவருடைய ஒரே தங்கையாகிய நான் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் தியாகதுருகத்தில் பிறந்தார். பெற்றோர் கரும்பு வெட்டும் கூலிகள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கள்ளக்குறிச்சியில் வண்டி வேலை கற்று, சொந்தமாகப் பட்டறை வைத்தார். என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. அப்போது உங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து பழுதான பைக்கோடு வந்தவர் கோவிந்தன். மலைப்பாதை வளைவுகளில் அவர் ஓட்டிய விதத்தைப் பார்த்துத்தான் அண்ணனுக்குப் பந்தய ஆசை வந்தது. அண்ணன் வண்டியைத் தயார் செய்வார், கோவிந்தன் ஓட்டுவார். இரண்டே பேர் கொண்ட அணி. 'பஞ்சர் கடை டீம்' என்று சிரித்தீர்கள். சிறு பந்தயங்களில் ஜெயித்து, தேசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்ததும் சிரிப்பு நின்று வயிற்றெரிச்சல் தொடங்கியது.

தகுதிச் சுற்று நடந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மகளுக்குக் காது குத்து. தள்ளிவைக்கலாம் என்று மாமியாரே சொன்னார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஓரகத்தி மகளுக்கு அவள் அண்ணன்மார் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

"தாய்மாமன் நீ வரலன்னா சபையில எனக்கு இன்னா மரியாதண்ணா? அந்த வண்டி பெருசா, நான் பெருசா?" என்று அழுதேன்.

"அழுவாதம்மா. கோவிந்தன் பாத்துக்குவான். நான் வந்துடறேன்" என்றார்.

சென்னையில் சனிக்கிழமை சோதனை ஓட்டம் முடிந்ததும், கோவிந்தனை அங்கே விட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் பித்தளை ஜெட்டுகளை அவர் தாமே துளை அகட்டி வைத்திருந்தார். அவற்றில் எண் கிடையாது, அரத்தால் இழுத்த கீறல்தான் அடையாளம். எந்தக் கீறல் எதற்கு என்று அவருக்கு மட்டுமே தெரியும். புறப்பட்ட அவசரத்தில் கோவிந்தனுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்.

மறுநாள் காலை, குழந்தையை மடியில் வைத்ததும் போனை என்னிடம் கொடுத்தார். "கோவிந்தன் கூப்ட்டா உடனே குடும்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆசாரி கம்பியை எடுக்கும்போது போன் அடித்தது. கோவிந்தன் பெயரைப் பார்த்தேன். துண்டித்தேன். மறுபடியும் அடித்தது, மறுபடியும் துண்டித்தேன். பிறகு சத்தத்தையே அடக்கிவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் அண்ணன் வண்டிப் பேச்சுப் பேசுவது எனக்கு அவமானமாக இருந்தது.

அங்கே வண்டி இழுக்கவில்லை. எந்த ஜெட்டைப் போடுவது என்று கேட்கத்தான் கோவிந்தன் கூப்பிட்டிருக்கிறார். அரை நிமிடப் பேச்சு. பதில் கிடைக்காமல், கைக்கு வந்த ஒன்றைப் போட்டு ஓட்டினார். இரண்டாவது சுற்றில் இன்ஜின் சூட்டில் இறுகி நின்றுவிட்டது. தேசியப் போட்டி அதோடு முடிந்தது.

பந்தி முடிந்து போனைக் கொடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பந்தலுக்குப் பின்னால் போய்ப் பேசியது எனக்குக் கேட்டது.

"சைலன்ட்ல வெச்சிக்கினு உக்காந்துட்டேன் கோவிந்தா. எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்கடா."

திரும்பி வந்து, "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு கோவிந்தன் பட்டறைப் பக்கம் வரவில்லை. அண்ணன் வேறு யாரையும் வைத்துப் பந்தய வண்டி கட்டவும் இல்லை. "ஒரு போன எடுக்கத் துப்பில்லாதவன், ரேசு வுட வந்துட்டான்" என்று பெரியப்பா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொன்னார், நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்தேன்.

சென்ற ஆண்டு அண்ணன் நெஞ்சுவலி வந்து மூன்றே நாளில் போய்விட்டார். பிணத்தின் தலைமாட்டில் நின்றும் பெரியப்பா அதையேதான் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த பட்டறைத் தெருக்காரர்களுக்கு நன்றி. பெரியப்பாவுக்குக் கிடையாது. ஏசிய வாய்களுக்கும் கிடையாது.

கோவிந்தன் அவர்களே, செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, எங்கள் வீட்டில் ஒருவரோடும் பேசாமல், சுடுகாடுவரை பாடையைச் சுமந்தீர்கள். உங்களுக்கு நன்றி. அண்ணன் உங்களிடம் சொன்னது பொய். உங்கள் போனைத் துண்டித்தவள் நான். நாளை இந்த மலரை எடுத்துக்கொண்டு மலைக்கு வருகிறேன். வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுங்கள்.