கேட்டு எழுதிய எடை

மூன்று வருடத்துக்கு முன்பு, காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ஒரே நாளுக்குள் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் வார்டில் ஒரு படிவம்கூட விடுபடாது. மாதக் கூட்டத்தில் அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவர். வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். எடை பார்க்கும் மெஷினைப் பக்கத்து வார்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

"எவ்ளோ எடைம்மா இருப்பீங்க?"

"அம்பத்தெட்டு, சிஸ்டர்."

எழுதிக்கொண்டேன். 'எடை குறைந்திருக்கிறதா?' என்ற கேள்விக்கு, அவரிடம் கேட்காமலே 'இல்லை' என்று டிக் போட்டேன். முகமும் காலும் உப்பியிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் அவரை ஸ்ட்ரெச்சர் மாற்றத் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். போர்வைக்குள் வெறும் எலும்புதான் இருந்தது.

"அம்மா, கடைசியா எப்போ எடை பாத்தீங்க?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி பாத்தது, சிஸ்டர். இப்ப நாலு மாசமா ரெண்டு வாய் கஞ்சிதான் எறங்குது. அப்படியே ஓட்டிக்கினு இருக்கேன்."

உள்ளே மயக்க மருந்து டாக்டர் நான் எழுதிய எடையை வைத்துத்தான் மருந்து தயார் செய்துகொண்டிருந்தார். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால்? அதற்குள் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளத் தொடங்கினார்கள். அதன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், நிறுத்துங்க. அந்த எடை நான் பாத்தது இல்ல. கேட்டு எழுதினது."

சத்தம் கேட்டு வெளியே வந்த சர்ஜனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெஷின் வந்தது. நாற்பத்தொன்று. அதிலும் வீக்கத்தின் நீர் சேர்ந்திருந்தது.

"இந்த உடம்புல கத்தி வெச்சிருந்தா புண்ணே ஆறியிருக்காதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சர்ஜன் போய்விட்டார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் திணிப்பதும் ஆபத்து என்பதால், டயட்டீஷியன் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டினோம். இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். எனக்கு மெமோ கொடுத்தார்கள், வேலை தப்பியது.

பிறகு ஒருநாள் என் பழைய படிவங்களை எடுத்துப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்துதான். எது மெஷினில் பார்த்த எடை, எது கேட்டு எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தாள்களில் இருந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்களோ என்ற பயம் இன்றுவரை என்னை விடவில்லை.