பின்சீட்டுப் புகை

எம். புதுப்பட்டியைச் சேர்ந்த இசைவாணி, பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டபின், சிவகாசியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். சைலன்சருக்குள் குழாயைச் செருகி, நம்பர் தெரிய வண்டியைப் போட்டோ எடுத்து, புகை அளவுக்குள் இருந்தால் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் அவள் அண்ணன் சங்கிலிமுத்து வேனோடு வந்தான். ஊர்ப் பெண்களைத் தாயில்பட்டிக் கம்பெனிகளுக்கு ஏற்றிப் போகும் டீசல் வேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை கக்கியது.

“அந்தா நிக்குற புது வண்டியில குழாயச் சொருகு. போட்டோவுல என் நம்பர் இருந்தாப் போதும்” என்றான்.

“அது முடியாதுண்ணே. இஞ்சினக் காட்டிட்டு வாங்க.”

“கூடப் பொறந்தவனுக்கு இம்புட்டுக்கூடச் செய்ய மாட்டியாக்கும்.”

வேறெங்கோ போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டான். அவள் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனாக வந்து உட்கார்ந்தவன், கை நனைக்காமல் எழுந்து போனான். ஒரு காகிதத்துக்காக அண்ணனை இழந்துவிட்டோமோ என்று இசைவாணிக்கு மனசு ஆறவில்லை.

மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “பட்டாசு மருந்து ஒத்துக்கிடல போல ஆத்தா. காலையில உங்கண்ணன் வேனை விட்டு எறங்கயிலேயே கிறுகிறுங்குது.”

இறங்கும்போதே என்றால் மருந்தை இன்னும் தொடவே இல்லையே. இசைவாணி மறுநாள் காலை பெண்களோடு வேனில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சங்கிலிமுத்து கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். மழைக்கு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஊரைத் தாண்டுமுன்னே கண் எரிந்தது. காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். தகரம் துருப்பிடித்து இற்றுப்போன ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. புகை மேலே வந்தது.

“வண்டிய ஓரங்கட்டுங்கண்ணே. இஞ்சின அமத்தாம இங்கன வந்து செத்த நேரம் உக்காருங்க.”

முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. இறங்கி ரோட்டோரம் நின்றான்.

“வண்டிய ஒர்க்‌ஷாப்புல விட்டா இவுக எப்பிடி வேலைக்குப் போவாக?” என்றான், குரலில் கோபம் இல்லை.

“பஸ்ஸுல போயிக்கிடுறோம். நீ சரி பண்ணிட்டு வாப்பா” என்றாள் சோலையம்மாள். தாமதமாகப் போய், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, அந்த வாரத்தை ஓட்டினார்கள்.

அடித்தகரம் மாற்றி, இஞ்சினைச் சரிபார்த்து, சங்கிலிமுத்து நேராகத் தங்கையிடம் வந்தான். பழைய சான்றிதழுக்கு இன்னும் நாள் இருந்தது. அதைச் சொல்லாமல் அவள் குழாயைச் செருகினாள்.

“தேறிருச்சா?”

“தேறிருச்சுண்ணே.”

மாலையில் அதே வேனில் ஊருக்குப் புறப்பட்டாள். முன்சீட்டு காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாதி வழியில் அவன் திரும்பாமலே கேட்டான்.

“அங்கன எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. பாத்து ஓட்டுங்க.”