அணைத்த அடுப்பும் அண்ணன் கல்யாணமும்

கோயமுத்தூர்ப் பக்கம் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்த புதிது. பனையோலைக் கூரை, ஒட்டினாற்போல் காய்ந்த சோளத்தட்டுப் போர். அடுப்பில் ஒரு பொறி மிச்சமிருந்தாலும் எல்லாம் போய்விடுமே என்ற பயம் எப்படியோ என்னைப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாசல் தாண்டுவேன். சந்தேகம் வரும். திரும்பிப் போய் இன்னொரு செம்பு ஊற்றுவேன். மண் அடுப்பே கரைந்துபோய், மாமியார் புதிதாக அடுப்புப் போட வேண்டியதாயிற்று. பேய் பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டினார்கள். அப்புறம் தாயத்து இருக்கிறதா என்றும் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே கிளம்பினாலும் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லி அழுவேன். என் கணவரும் பாவம், திருப்புவார். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தியெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

ஒருநாள் கங்கு இருக்கிறதா என்று சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவி, விரல்களைச் சுட்டுக்கொண்டேன். புண் ஆறாததால் என் கணவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டுப் போட்ட டாக்டரம்மா எப்படிச் சுட்டது என்று கேட்க, அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. அந்தம்மா சிரிக்கவில்லை. இது பேயுமில்லை, பைத்தியமுமில்லை, மனசுக்கு வருகிற ஒரு நோய், இப்படியே கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன் என்றார். அதைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. டாக்டரம்மா மேலே சொன்னார்.

"தெருநாய்க்கு ஒருக்காச் சோறு வெச்சா தினமும் வந்து நிக்குமில்லீங்க? இந்தச் சந்தேகமும் அப்படித்தானுங்க. அது கேக்கறப்பெல்லாம் ஓடிப் போய்ப் பாத்தீங்கன்னா உங்களை விடாது."

ஒரு தரம் அணைத்ததோடு சரி, பயம் வந்தால் வரட்டும், திரும்பிப் போகாதே என்பதுதான் வைத்தியம். என் கணவருக்கும் அதில் பங்கு இருந்தது. நான் கேட்டால் ஆறுதல் சொல்லாமல், தெரியாது என்று மட்டும் சொல்ல வேண்டும். கிணற்றடி வரை, பக்கத்துத் தோட்டம் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினோம். அதற்குள் அண்ணன் கல்யாணம் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நின்று இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யாமல் கல்யாணம் நகராது. அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. நேரத்துக்குப் போகாவிட்டால் என் இடத்தில் பெரியப்பா மகளை நிறுத்திவிடுவார்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியாரோடு உடுமலைப்பேட்டைப் பக்கம் வண்டியில் புறப்பட்டோம். ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவரின் தோளைத் தட்டினேன்.

"ஏனுங்க மாமா, அடுப்பு அணைஞ்சிருக்குமுங்களா?"

"தெரியாது அம்மணி."

"ஊடு பத்திக்கிச்சுன்னா?"

"தெரியாது அம்மணி."

மாமியார் இரக்கப்பட்டு வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினார். வழி முழுக்க மாமியாரின் வாய் காலியாகவே இல்லை. நான் அழுதேன். கல்நெஞ்சக்காரர் என்று திட்டினேன். கடைசியில் இறங்கி நடக்கிறேன் என்றதும் வண்டியை நிறுத்தினார்.

"போறதுன்னா போ அம்மணி. வண்டி உங்கண்ணன் கல்யாணத்துக்குத்தான் போவுது."

புழுதி ரோட்டில் இறங்கி நின்றேன். வந்த வழியைப் பார்த்தேன், போகிற வழியைப் பார்த்தேன். என் இடத்தில் பெரியப்பா மகள் நிற்பது கண்முன் வந்தது. அப்படியே வண்டியில் ஏறிவிட்டேன். பயம் உடனே போகவில்லை. ஆனால் தென்னந்தோப்புகள் வந்த இடத்தில், மாமியாரிடம் எனக்கும் ஒரு வெற்றிலை கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இணைச்சீரில் கூறைச் சேலையின் ஒரு முனையை அண்ணன் பிடித்திருக்க, மறுமுனை என் கையில் இருந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கியது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தனை சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இல்லை.

சீர் முடிந்ததும் என் கணவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் அம்மணி, நெசமாலுமே அடுப்பை அணைச்சுப்போட்டுத்தான வந்தே?"

தெரியாது தெரியாது என்று சொல்லிச் சொல்லி, சந்தேகம் அவருக்கே தொற்றிவிட்டது.

"தெரியாதுங்க மாமா" என்றேன். ஒரு கணம் விழித்தவர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. இதுகளுக்கு என்ன ஆயிற்று என்று சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடு பத்திரமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தேகம் இன்றைக்கும் எப்போதாவது வந்து நிற்கத்தான் செய்கிறது, ஆனால் பதில் தெரியாமலேயே ஒரு மனுஷி வயிறு குலுங்கச் சிரிக்க முடியும் என்பதை என் அண்ணன் கல்யாணத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டேன்.