லைனைப் பற்றி ஐந்து நிமிடம்

அடுத்தவன் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பதில் அந்தக் காலத்தில் எனக்குப் போட்டியே கிடையாது. 1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மின்விசிறி பூட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தொன்று. நாளெல்லாம் விசிறியாகப் பூட்டித் தள்ளும் அந்தக் கொட்டகையில் எங்கள் தலைக்கு மேல் ஒரு விசிறி கிடையாது. சிரிப்புதான் எங்களுக்குக் காற்று.

மேனேஜருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டுவார். யாராவது ஒருவன் அதிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். திங்கட்கிழமை காலையில், விசிறிகளை நகர்த்தும் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன், சீட்டு எடுத்தவன் எல்லோர் முன்னாலும் நின்று அந்த வார்த்தைக்கு என்னென்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். தமிழிலேயே பேசலாம், அந்த மட்டில் மனிதருக்கு இரக்கம் இருந்தது.

'வாட்டர்' எடுத்தவன் "வாட்டர்னா தண்ணி" என்று சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "யப்பா, ஒரு சொம்பு குடிச்சாவது காட்டு, நேரம் போவும்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தது நான்தான். வாராவாரம் இப்படி ஒருவனை வறுத்தெடுத்துவந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை டப்பா என் மூக்குக்கு முன்னால் வந்தது. எடுத்தேன். லைன்.

"நீதான் பெரிய வாயாடியாச்சே," என்றார் மேனேஜர். "டைம் ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. எழுதப் படிக்கத் தெரியணும், நாலு பேர் முன்னாடி பேசத் தெரியணும். திங்கட்கிழமை உன்னைப் பாத்துட்டுதான் முடிவு."

வந்தவன் போனவன் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் என்றால் நாற்காலி. பதினோரு வருடமாக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றபடியே கெப்பாசிட்டர் மாட்டியவன் நான். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு சுண்டைக்காய் சுண்டைக்காயாகப் புடைத்திருந்தது. நிற்காதே என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நாற்காலியை நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பார்வையை என் மனைவி பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

என் பக்கத்தில் நின்று மோட்டாருக்கு மூடி மாட்டுகிறவன் மணிமங்கலத்துக்காரன். அவன் தைரியம் சொன்னான். "லைனா? உனுக்கு இன்னாணா கஷ்டம்? பதினோரு வருசமா லைன்லதான நிக்கிற. திங்கக்கெழம போயி சும்மா நின்னு காட்டு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வடக்குப்பட்டில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். வேலை செய்கிற லைன். ஒரே சுவரை ஐந்து குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீடு. கரண்ட் லைன், பொங்கலுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடும் லைன்மேன். எவ்வளவு கத்தினாலும் கிடைக்காத டெலிபோன் லைன். கோடு போட்ட நோட்டு. வாலிபால் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு. பையன்கள் பஸ் ஸ்டாப்பில் போடுகிற லைன். அங்கே வந்தபோது முதுகுக்குப் பின்னால் மனைவி நின்றாள்.

"இன்னாயா எழுதிக்கினு கீற? லைன் போடுறதா? காலு நரம்பு சுருட்டிக்கினு கீது, உனுக்கு லைனு ஒரு கேடா?"

விஷயத்தை விளக்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. இருந்தாலும் எட்டு அர்த்தம் சேர்ந்துவிட்ட பெருமையில், 'எங்கிருந்து வந்தது' என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று சர்ச் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒரு அகராதி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கித்தான் மேஜையில் வைத்தார். வாசிக்க ஆரம்பித்தார். செய்யுளில் ஒரு அடி, லைன். நாடகக்காரன் பேசும் வசனம், லைன். முகத்துச் சுருக்கம், தூண்டில் கயிறு, வம்ச பரம்பரை, செய்கிற தொழில், கப்பல்காரன் தாண்டும் பூமத்திய ரேகை, படை அணிவகுப்பு...

"அவ்ளோதானா சார்?"

"இன்னும் பக்கமே திருப்பலியே."

என் எட்டு அர்த்தம் எங்கே, இந்தக் கடல் எங்கே! "இதுங்களுக்கெல்லாம் ஆத்தா யாருன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றேன். வாத்தியார் பொறுமையாகச் சொன்னார், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சோற்றில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "ரசம் பிரமாதம்" என்றேன். ரசம் அடுப்பில் இருந்தது.

திங்கட்கிழமை. எதிரில் நாற்பது பேர். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தால், வேர்வையில் மை கரைந்து முழுக் காகிதமும் ஒரே நீலம். முதல் வரிசையில் 'வாட்டர்'காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணா, செருப்பப் பாருணா," என்றான் அன்பாக. பார்த்தேன். என் செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. அது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எல்லாம் மறந்து, வாத்தியார் கடைசியில் சொன்னது ஒன்றுதான் தலையில் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"செவுரு எழுப்புறதுக்கு முன்ன கொத்தனார் இன்னா பண்றாரு? நூல் கட்றாரு. வெள்ளக்காரன் கதையும் நூல்லதான் ஆரம்பிக்குது. ஆளின்னு ஒரு செடி. அதோட நாரைத் திரிச்சா நூலு. அந்த நூலுக்கு வந்த பேருதான் லைனு. நூல இழுத்துப் புடிச்சா நேரா நிக்கும். அப்புறம் நேரா இருக்கறதெல்லாம் லைனாச்சி. கோடு, வரிசை, கம்பி, எல்லாம். நாமளும்தான்! அவன் நூலுக்கு லைனுன்னான். நம்மாளு புஸ்தகத்துக்கே நூலுன்னு பேரு வெச்சான்."

அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மூச்சு விடலாம் என்று பார்த்தால் ஒரு கை எழுந்தது.

"அப்ப கோட்டு சூட்டுக்கு உள்ளார வெச்சித் தெக்கிற லைனிங்கு?"

"அதுவும் அந்த நாருதாம்பா! அந்தத் துணியத்தான் மொதல்ல உள்ளார வெச்சித் தெச்சான்."

"பிரேக்குல கீதே, லைனிங்கு?"

"கோட்டுக்கு வெச்ச மாரி பிரேக்குக்கும் உள்ளார வெச்சது."

"ரயில்ல மெயின் லைனு, கார்டு லைனுன்றாங்களே?"

திருச்சிக்குப் போகிற இரண்டு தடத்தையும் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினேன். கைகள் எழுந்துகொண்டே இருந்தன. மணிமங்கலத்துக்காரன் மட்டும் மூன்று கேள்வி. கடைசியில் லைன் போடுவது எப்படி என்று ஒருவன் கேட்க, சீப்பு எடுத்து முடி வாருவதிலிருந்து நடித்துக் காட்டினேன். கொட்டகை அதிர்ந்தது. மேனேஜர் இரண்டு மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரசித்து நேரம் போனதே தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெல்ட் ஓடத் தொடங்கியதும் மணிமங்கலத்துக்காரன் என் பக்கம் சாய்ந்தான். "சூப்பர்ணா. முப்பத்தஞ்சு நிமிசம் ஓட்டிட்டோம்."

"ஓட்டிட்டோமா?"

"நீ பாட்டுக்கு அஞ்சு நிமிசத்துல முடிச்சிடுவ. உட்ருவமா? ஆளுக்கு ஒரு கேள்வின்னு பஸ்லயே பேசி வெச்சிக்கினுதான வந்தோம்."

முப்பத்தைந்து நிமிடம் பெல்ட் நின்றிருக்கிறது! நாற்காலி போனது மட்டுமல்ல, நிற்கிற இடமும் போய்விடும் போலிருந்தது. "பாவிங்களா, என் நாற்காலிடா அது!" என்பதற்குள் மேனேஜர் ரூமிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"எவ்ளோ நேரம் பேசினே?" என்றார் மேனேஜர்.

"அஞ்சு நிமிஷந்தான் சார். மிச்சமெல்லாம் கேள்வி."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத்தனை வருஷத்துல நான் பேசறதை அவனுங்க ஒரு நிமிஷம் கேட்டதில்ல. உக்காரு."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"உன்னைத்தான்யா. உன்னை அங்க நிக்க விட்டா பெல்ட் ஓடாது. இன்னியிலேர்ந்து டைம் ஆபீஸ்."

உட்கார்ந்தேன். கெண்டைக்கால் இரண்டும் அழாத குறையாக நன்றி சொன்னது எனக்கே கேட்டது. அந்தச் சுகம் அரை நிமிடம் நீடித்திருக்கும்.

"மொத வேலை," என்றார். "காலையில போன முப்பத்தஞ்சு நிமிஷத்தை சாயங்காலம் ஈடு கட்டணும். ஷிப்ட் முடிஞ்சதும் யாரும் கெளம்பக் கூடாது. போய்ச் சொல்லிட்டு வா. உன் பேச்சைத்தான் கேக்கறாங்களே."

டீ இடைவேளையில் டம்ளரோடு நின்றிருந்த அந்த நாற்பது பேர் முன்னால் மறுபடி போய் நின்றேன். ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். எல்லோரும் டீயை ஊதிக் குடித்து முடித்தார்கள்.

மணிமங்கலத்துக்காரன் கையை உயர்த்தினான். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"ஈடு கட்றதுன்னா இன்னாணா? அது எங்கேர்ந்து வந்திச்சி? கொஞ்சம் வெளக்கமா சொல்லேன்."

நாற்பது பேரும் சுவரோரமாக வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். டைம் ஆபீஸ்காரன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.